மனச்சாட்சிக்குக் கொடுத்த வாக்கு

தென்னிந்தியத் திருச்சபை உருவான வரலாறு – 7

1919 மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 சபை ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற அனைவரும் இந்தியர்கள். சுவிசேஷ வேலையைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார்கள். பேசப் பேச, ஒரே ஊரில் ஒரே ஆண்டவரைப் பிரசங்கிக்கிற நாம் ஒரே பந்தியில் உட்கார முடியவில்லையே என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. இரண்டாம் நாள் முடிவதற்குள் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டுச் சபை வரலாற்றில் அதைவிட முக்கியமான ஒரு தாள் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அவர்களுள் முன் நின்றவர்கள் இருவர். ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் ஒரு கிராமத்து ஐயரின் மகனாகப் பிறந்தவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல் சென்றவர். மற்றவர் மதுரைப் பக்கத்து வே. சந்தியாகு ஐயர். அவர் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்தவர். பேராயர் என்ற பதவியே இல்லாத சபை அது.

சென்ற இதழில் பார்த்த 1908-ஆம் ஆண்டு இணைப்பு ஓரளவு எளிதாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. பிரஸ்பிட்டேரியன் சபையாரும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையானபோது இரு தரப்பிலும் பேராயர் கிடையாது. ஒருவர் மூப்பர் மன்றத்தை நம்பினார். இன்னொருவர் உள்ளூர்ச் சபைக் கூட்டத்தை நம்பினார். இடைவெளி இருந்தது, ஆனால் தாண்டக்கூடியதாக இருந்தது. தரங்கம்பாடியில் கேட்கப்பட்ட கேள்வி வேறு வகை. பேராயரை ஏற்றவரும் பேராயரை விட்டு ஓடி வந்தவரின் வாரிசும் ஒரே சபையாக முடியுமா?

இந்தக் கேள்வியின் கனம் புரிய அன்றைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் எந்தச் சபை என்பதை அவருடைய நம்பிக்கை தீர்மானிக்கவில்லை, பிறந்த ஊர் தீர்மானித்தது. நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் என்றால் சி.எம்.எஸ். நாசரேத், இடையன்குடி என்றால் எஸ்.பி.ஜி. மதுரை, பசுமலை, திண்டுக்கல் என்றால் அமெரிக்கன் மதுரா மிஷன். வேலூர், ராணிப்பேட்டை ஆற்காடு மிஷனுக்கு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஸ்காட்லாந்து மிஷனுக்கு. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையும் உடுவிலும் அமெரிக்கன் மிஷனுக்கு. மிஷன்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டு வேலை செய்ததால் வந்த நிலை இது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் போகாமல் சண்டையைத் தவிர்த்தார்கள். ஆனால் அந்த எல்லைகள் மக்களுக்குச் சுவர்களாயின. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த ஒரு வாத்தியார் பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை நற்கருணையில் அவருக்கு இடம் உண்டா என்பது கேள்விக்குறி. பேராயர் கை வைத்துத் திடப்படுத்தல் பெற்றவரே திருவிருந்துக்கு வரலாம் என்பது ஆங்கிலிக்கன் முறை. அவர் ஊரிலோ பேராயரே கிடையாது.

இரு பக்கத்து மனநிலையையும் வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. அவற்றுக்குப் பின்னால் ரத்தமும் கண்ணீரும் இருந்தன. ஸ்காட்லாந்து மக்கள் 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் ஆட்சியை எதிர்த்து உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டுப் போராடினார்கள்; பலர் உயிரையே கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 1662-ல் அரசின் வழிபாட்டுச் சட்டத்துக்குப் பணிய மறுத்த ஏறத்தாழ 2,000 போதகர்கள் தங்கள் சபைகளையும் வருமானத்தையும் இழந்து வெளியேறினார்கள். மதுரா மிஷனை அனுப்பிய அமெரிக்கச் சபைகளின் முன்னோர் பேராயர்களின் பிடியிலிருந்து தப்பிக் கப்பலேறியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் போய், இனி உங்களுக்கு ஒரு பேராயர் உண்டு என்றால் எப்படி இருக்கும்? மறுபக்கம், ஆங்கிலிக்கன் சபையாருக்குப் பேராயர் என்பவர் நிர்வாகி மட்டும் அல்லர். அப்போஸ்தலர் காலத்திலிருந்து கை மேல் கை வைத்து வந்த ஒரு தொடர்ச்சியின் அடையாளம். அதை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குச் சபையின் பிறப்புச் சான்றையே விட்டுக்கொடுப்பது.

தரங்கம்பாடி அறிக்கை இந்த இடத்தில் மிகத் தெளிவான ஒரு காரியத்தைச் செய்தது. யார் சரி, யார் தவறு என்று அது பார்க்கவில்லை. வேதத்தில் மூன்று அம்சங்களும் இருக்கின்றன என்றது. ஒவ்வொரு விசுவாசியும் தேவனிடம் நேராக வரும் உரிமையுள்ளவன் என்ற சபைக் கூட்டத்தின் அம்சம் ஒன்று. மூப்பர்களும் பிரதிநிதிகளும் கூடி ஒழுங்கு செய்யும் மன்றத்தின் அம்சம் இன்னொன்று. மேய்ப்பராக முன்நின்று நடத்தும் பேராயரின் அம்சம் மூன்றாவது. ஒன்றாகும் சபைக்கு மூன்றும் வேண்டும் என்றார்கள். பேராயர் பதவியை ஏற்பதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பேராயர் உண்டு என்ற உண்மையை ஏற்றால் போதும். அதற்குப் பின்னால் உள்ள எந்தக் கோட்பாட்டையும் யாரும் நம்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேராயர் சட்டத்துக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், சபையால் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவினைகளை உண்டாக்கியவர்கள் நாம் அல்லர், அவை வெளியிலிருந்து நம்மேல் வந்தவை, அவை தொடர்வதில் நமக்கு விருப்பம் இல்லை என்று அறிக்கையில் அவர்கள் சொன்னதில் வருத்தமும் இருக்கிறது, சுதந்தரமும் இருக்கிறது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகாத காலம் அது.

இரண்டு நாளில் எழுதியதை நிறைவேற்ற 28 ஆண்டுகள் பிடித்தன.

1920-ல் இரு சபைகளின் கூட்டுக் குழு வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டு லண்டனில் லாம்பெத் மாநாட்டில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள், பிரிந்திருக்கும் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஐக்கிய அழைப்பு விடுத்தார்கள். 1925-ல் வெஸ்லியன் மெத்தடிஸ்ட் சபையும் குழுவில் சேர்ந்தது. 1929-ல் ஐக்கியத் திட்டத்தின் முதல் பதிப்பு அச்சாகி வந்தது. அதன்பின் அது திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு மறுபடி மறுபடி அச்சானது. பசுமலை இறையியல் கல்லூரித் தலைவராக இருந்த ஜான் பானிங்கா, பம்பாய்ப் பேராயர் எட்வின் ஜேம்ஸ் பால்மர், அசரியா போன்றவர்கள் இந்த ஆண்டுகளில் எழுதிய கடிதங்களும் போன ரயில் பயணங்களும் கணக்கில் அடங்காதவை.

முதல் முடிச்சு குருப்பட்டம். பேராயர் கையால் பட்டம் பெறாத ஐக்கிய சபை ஐயர்களும் மெத்தடிஸ்ட் போதகர்களும் புதிய சபையில் என்ன ஆவார்கள்? மறுபடியும் பட்டம் பெற வேண்டும் என்றால், இத்தனை ஆண்டுகள் அவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் நடத்திய திருவிருந்தும் பொய் என்று ஆகும். நாற்பது ஆண்டு ஊழியம் செய்து நரைத்துப் போன ஒரு கிராமத்து ஐயரை மண்டியிட வைத்து, நீ இன்றுதான் குருவாகிறாய் என்று சொல்ல எந்த அன்புக்கு மனம் வரும்? வேண்டாம் என்றாலோ, ஆங்கிலிக்கன் சபையார் காத்துவந்த ஒழுங்கு உடையும்.

இதற்கு வழி காட்டியவர் பால்மர். ஆங்கிலிக்கன் சபையில் உயர்சபைப் போக்கு உடையவர் அவர். ஒழுங்கை எளிதில் விட்டுக்கொடுக்கிறவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவர் சொன்னது இதுதான்: இணையும் நாளில் மூன்று சபைகளிலும் ஊழியத்தில் இருக்கும் எல்லாரையும் அப்படியே, மறு பட்டம் இல்லாமல், புதிய சபையின் ஊழியராக ஏற்போம். அந்த நாள் முதல் புதிதாகப் பட்டம் பெறுகிற எல்லாருக்கும் பேராயர்களே கை வைக்கட்டும். காலம் போகப் போக ஊழியம் ஒன்றாகிவிடும். இதற்கு 30 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். அதாவது ஒரு தலைமுறைக் காலத்துக்கு, கடுமையான ஆங்கிலிக்கன் கண்ணோட்டத்தில் முறைகேடான ஒன்றோடு சேர்ந்து வாழச் சம்மதித்தார்கள். இது ஒழுங்கைக் கைவிட்டது என்று இங்கிலாந்தில் பலர் கொதித்தார்கள். இந்தத் தொடரை எழுதுகிறவரின் பார்வையில், முழு ஐக்கிய வரலாற்றிலும் தைரியமான முடிவு இதுவே. சட்டம் சரியாகும்வரை சகோதரனை வாசலில் நிறுத்தாமல், அவனை உள்ளே அழைத்துக்கொண்டு சட்டம் சரியாகக் காத்திருந்தார்கள்.

இரண்டாவது முடிச்சு மறுபக்கத்திலிருந்து வந்தது. பட்டம் பெறாத சபையாரும் திருவிருந்து நடத்தலாம் என்று ஐக்கிய சபையில் சிலர் வாதிட்டார்கள். அதற்கும் காரணம் இருந்தது. ஓர் ஐயரின் சேகரத்தில் இருபது, முப்பது கிராமங்கள் இருக்கும். அங்கே ஞாயிறு ஆராதனையை நடத்துகிறவர் உபதேசியார். ஐயர் வரும்வரை நற்கருணை கிடையாது. எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்று நம்புகிற சபை, தகுதியுள்ள உபதேசியாருக்கு அந்த உரிமையைக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். ஆங்கிலிக்கன் தரப்பு இதை ஏற்க முடியாது என்றது. 1930-களில் பேச்சு முறிந்துபோகும் நிலைவரை சென்றது. முடிவில் பட்டம் பெற்றவரே திருவிருந்து நடத்துவார் என்றே திட்டம் அமைந்தது. சுதந்தரத்தைப் பெரிதாகக் கருதியவர்கள் இங்கே விட்டுக்கொடுத்தார்கள். இதை நினைவில் வைக்க வேண்டும். ஏனென்றால் ஐக்கியக் கதையைச் சொல்லும்போது ஆங்கிலிக்கன் சபையாரின் விட்டுக்கொடுப்பை மட்டும் சொல்லிப் போவது வழக்கமாகிவிட்டது.

விசுவாசப் பிரமாணத்திலும் இதே நடை. அப்போஸ்தலர் பிரமாணமும் நைசீன் பிரமாணமும் சபையின் விசுவாசத்துக்குச் சாட்சி என்று ஏற்றார்கள். அவற்றை விளங்கிக்கொள்வதில் நியாயமான சுதந்தரமும் உண்டு என்று சேர்த்து எழுதினார்கள்.

மூன்றாவது முடிச்சுக்குக் கிடைத்த விடைதான் இந்த இதழின் தலைப்பு. ஒரு பழைய காங்கிரிகேஷனல் சபைக்கு, இணைந்த மறுநாளே வெள்ளை அங்கியும் ஜெபப் புத்தகமும் வந்து இறங்கினால் என்ன செய்வது? பேராயர் பட்டம் கொடுக்காத ஒரு போதகரை, அதை ஏற்காத ஆங்கிலிக்கன் சபைக்கு அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு விதிகளை எழுதப் பார்த்தார்கள். எழுத எழுத விதிகள் நீண்டன, சந்தேகங்களும் நீண்டன. கடைசியில் விதிக்குப் பதிலாக ஒரு வாக்குறுதியை எழுதினார்கள். யாருடைய ஆழ்ந்த நம்பிக்கையையும் தெரிந்தே புண்படுத்தும் எந்த ஏற்பாட்டையும் சபை செய்யாது. எந்தச் சபைக்கும் அது பழகாத வழிபாட்டையோ, அதன் மனச்சாட்சி ஏற்காத ஊழியத்தையோ திணிக்காது. இதுதான் அதன் சாரம்.

சட்டம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். புண்படுவது என்றால் என்ன, அதை யார் தீர்மானிப்பது, மீறினால் தண்டனை என்ன, எதற்கும் விடை இல்லை. உண்மைதான். ஒருவரை ஒருவர் நம்பினால் மட்டுமே வேலை செய்கிற வாசகம் அது. அப்படித்தான் வேண்டுமென்றே எழுதினார்கள்.

எதிர்ப்பு எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. இங்கிலாந்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள், இந்தத் திட்டம் திருச்சபையின் அடித்தளத்தையே தகர்க்கிறது என்றார்கள். கவிஞர் டி. எஸ். எலியட் 1943-ல் இதைக் கண்டித்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். தென்னிந்தியக் கிராமத்துச் சபைகளின் விவகாரம் லண்டன் இலக்கிய உலகம்வரை போய்ப் பேசப்பட்டது வியப்புக்குரியது. பேராயர் என்ற பெயரைக் கேட்டாலே கசந்தவர்கள் தமிழ்நாட்டில் ஐக்கிய சபைக்குள்ளேயும் இருந்தார்கள்.

சென்னையிலிருந்து இன்னொரு குரலும் எழுந்தது. அதைப் பெரும்பாலான சபை வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் பின்னாளில் 1941-ல் சென்னை மேயருமான வி. சக்கரை, அவருடைய நண்பர் பி. செஞ்சையா போன்ற சபையார், குருத்துவ வரிசையைப் பற்றிய இந்த முழு வாதமே மேற்கிலிருந்து இறக்குமதியானது என்றார்கள். 1938-ல் இவர்களின் குழு வெளியிட்ட நூல், இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்க அழைத்தது. இயேசுவின் பின்னே போகும் ஓர் இந்தியனுக்கு இத்தனை அமைப்பும் பதவியும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கூட்டுக் குழுவில் இருந்தவர்கள் இதற்குப் போதுமான விடை சொல்லவில்லை. அமைப்பு இல்லாத கிறிஸ்தவம் படித்த நகரத்தாருக்குச் சாத்தியமாக இருந்திருக்கலாம். பள்ளியும் கோவிலும் உபதேசியாரும் இல்லையென்றால் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நிறைந்த ஒரு சேரிச் சபை அடுத்த தலைமுறைவரை தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் சக்கரையின் கேள்வி தவறான கேள்வி அல்ல.

வாக்கெடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மெத்தடிஸ்ட் சபை 1943 ஜனவரியில் சம்மதித்தது. இந்திய, பர்மா, இலங்கை ஆங்கிலிக்கன் சபையின் பொது மன்றம் 1945 ஜனவரியில் கூடித் தன் தென்னிந்தியத் திருமண்டலங்கள் பிரிந்து புதிய சபையில் சேர அனுமதி கொடுத்தது. அந்த முடிவைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் அவர் இறந்துவிட்டார். கால் நூற்றாண்டு அவர் நடந்த வழி, அவர் மறைந்த அதே மாதத்தில் வாசலை அடைந்தது. ஐக்கிய சபையின் பொதுப் பேரவை 1946 செப்டம்பரில் இறுதிச் சம்மதம் தெரிவித்தது.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் ஆகியிருந்தது. வடக்கே பிரிவினையில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் மூன்று சபைகள் ஒன்றாயின. திருவிதாங்கூர்-கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப் ஐக்கியத்தை அறிவித்தார். மூன்று சபைகளின் பிரதிநிதிகளும், ஐக்கியத்தின் அடிப்படையை ஏற்றுக் கையெழுத்திட்ட ஊழியர்களின் பட்டியலைக் கொண்டுவந்து திருமேசைமேல் வைத்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் கொண்ட சபை, 14 திருமண்டலங்கள். அன்று புதிதாக ஒன்பது பேர் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள்.

அந்த ஒன்பது பேரின் வரிசையே பல செய்திகளைச் சொல்கிறது. காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்துவந்த லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்துச் சபை மிஷனரி, வயது 37. பேராயர்களை விரட்டியடித்த சபையின் மகன், மதுரை-ராமநாதபுரம் பேராயரானார். யாழ்ப்பாணத்துக்குச் சபாபதி குலேந்திரன்; அமெரிக்கன் மிஷனின் காங்கிரிகேஷனல் மரபில் வளர்ந்த தமிழர். லண்டன் மிஷன் மண்ணான தென் திருவிதாங்கூருக்கு ஏ. எச். லெக். பேராயரே வேண்டாம் என்றிருந்த ஊர்களுக்கெல்லாம் பேராயர்கள் வந்தார்கள், ஆனால் வெளியிலிருந்து ஏவப்பட்டவர்களாக அல்ல. மதுரையில் நியூபிகினின் கீழ் வந்த சபைகளில் ஒரு பகுதி அமெரிக்கன் மிஷன், ஒரு பகுதி ராமநாதபுரத்து ஆங்கிலிக்கன். இரண்டுக்கும் அவர் அந்நியர். கிராமம் கிராமமாகப் போய், மரத்தடியிலும் மண் சுவர்க் கோவிலிலும் உட்கார்ந்து மக்களை அறிந்துகொண்டார். அதைத் தன் நாட்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். பேராயர் என்பவர் அரண்மனையில் இருப்பவர் என்ற எண்ணத்தை மதுரைச் சீமையில் உடைத்தது அந்தப் பயணங்கள்தான்.

ஐக்கிய சபையில் ஈரோடு, சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளின் வட தமிழ் மன்றம் மட்டும் 1947-ல் வரவில்லை. அவர்களை யாரும் நெருக்கவில்லை, வழக்குப் போடவில்லை, கதவையும் சாத்தவில்லை. மூன்று ஆண்டுகள் பார்த்துவிட்டு 1950-ல் அவர்களாகவே வந்தார்கள். கோயம்புத்தூர்த் திருமண்டலம் உருவாயிற்று. அதன் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-லேயே நூல் எழுதியவர். பேராயர் பதவியைச் சந்தேகித்த ஒரு வட்டாரத்துக்கு, ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் கற்ற ஓர் அறிஞர் முதல் பேராயராகக் கிடைத்தார்.

நந்தியால் கதை வேறு. ஆந்திரத்தின் அந்தப் பகுதியில் எஸ்.பி.ஜி. வழி வந்த 30,000-க்கும் மேற்பட்ட ஆங்கிலிக்கன் மக்கள் புதிய சபையில் சேர மறுத்தார்கள். அதன் காயம் பல ஆண்டுகள் ஆறவில்லை. பின்னாளில் அந்தப் பகுதியும் சபைக்குள் வந்தது. 2013 செப்டம்பர் 30 அன்று தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக எகோனி புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றது இதே நந்தியால் திருமண்டலத்துக்குத்தான்.

ஐக்கியத்துக்குக் கொடுத்த விலை சிறியதல்ல. சேர்ந்த ஆங்கிலிக்கன் சபையார் உலக ஆங்கிலிக்கன் குடும்பத்தில் தங்களுக்கு இருந்த இடத்தை இழந்தார்கள். 1948 லாம்பெத் மாநாடு புதிய சபையோடு முழு ஐக்கியம் வைக்கத் தயங்கியது. எஸ்.பி.ஜி. தன் வழக்கமான மானியத்தை நிறுத்தியது. இங்கிலாந்துச் சபையின் மன்றங்கள், 1947 முதல் கொடுக்கப்பட்ட குருப்பட்டங்களை உண்மையானவை என்று ஏற்க 1955 ஆனது. அதுவரை, கர்த்தருக்கு முன்பாகச் சரி என்று பட்டதைச் செய்துவிட்டுத் தாய்ச்சபையின் முகம் திரும்பியிருப்பதைப் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆனால் இதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியா உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்தது. மூன்று மரபுகளின் வழிபாட்டைச் சேர்த்து ஒரு பொதுத் திருவிருந்து ஆராதனையை எழுத ஒரு குழு அமைந்தது. அதில் முக்கியமானவர் கேரளத்தில் இறையியல் ஆசிரியராக இருந்த லெஸ்லி பிரவுன். அவர்கள் தயாரித்த முறை 1950 ஜனவரியில் மதுரையில் கூடிய மாமன்றத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. அதில் குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று மக்களைப் பார்த்து நடத்துகிறார். கேரளச் சிரியன் சபைகளின் பழைய வழக்கத்திலிருந்து சமாதான வாழ்த்தை எடுத்துச் சேர்த்தார்கள். குருவானவர் தம் இரு கைகளால் அருகிலிருப்பவரின் கைகளைப் பற்றுகிறார். அவர் அடுத்தவரின் கைகளை. அப்படியே கடைசி வரிசைவரை போகிறது. மேல்சாதிக்காரரும் தாழ்த்தப்பட்டவரும் ஒரே பாயில் உட்காரத் தயங்கிய ஊர்களில் ஒருவர் கையை ஒருவர் தொட்டாக வேண்டிய ஆராதனை அது. 28 ஆண்டு வாதத்தில் குருப்பட்டத்துக்காகப் பேசப்பட்ட கை வைத்தல், இங்கே ஒவ்வொரு சபையாரின் கைக்கும் வந்து சேர்ந்தது. பின்னாளில் உலகின் பல சபைகள் இந்த வாழ்த்தைத் தங்கள் ஆராதனையில் சேர்த்தபோது தென்னிந்தியாவின் முன்மாதிரியையே பார்த்தன. அமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவையும்விட அன்பைப் பழக்கமாக்கியது இந்த ஒரு நிமிடம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அமைப்புச் சட்டமும் அக்கறையோடு எழுதப்பட்டதுதான். பேராயரை ஒரு தனி மனிதர் நியமிக்க முடியாது. திருமண்டலப் பேரவை பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறது. மாமன்றத்தின் குழு அதிலிருந்து ஒருவரைத் தெரிந்தெடுக்கிறது. பேரவையில் குருக்களும் சபையாரும் இருக்கிறார்கள். பிரதமப் பேராயரும் பேராயர்களுள் ஒருவராகக் குறித்த காலத்துக்குத் தேர்வு செய்யப்படுகிறவர்; போப்பாண்டவர் போன்றவர் அல்லர். முதல் பிரதமப் பேராயர் மைக்கேல் ஹாலிஸ், பேராயருக்கு அதிக அதிகாரம் சேர்வதைப் பற்றித் தாமே எச்சரிக்கையாக இருந்தார். தரங்கம்பாடியில் கேட்ட மூன்று அம்சங்களும் காகிதத்தில் கிடைத்தன.

இன்றைய நிலையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிப்பது நேர்மையாக இராது. 20-க்கும் மேற்பட்ட திருமண்டலங்களாக வளர்ந்த சபையில், தேர்தல் வந்தால் அணிகள் பிரிகின்றன. பள்ளி, கல்லூரி, நிலம் ஆகியவற்றின் நிர்வாகத்துக்காகச் சபையார் சபையார்மேல் வழக்குப் போட்டு நீதிமன்றப் படியேறுகிறார்கள். பேராயர் பதவியைக் கண்டு 1920-களில் அஞ்சியவர்களின் அச்சம் வீண் அல்ல என்று இன்று பலர் பேசுகிறார்கள். இந்தத் தொடர் வேறு தீர்ப்பைச் சொல்கிறது. கெட்டது பேராயர் பதவியால் அல்ல. ஒழுங்குக்கு எழுதிய பிரிவுகளைச் சபை பத்திரமாக வைத்துக்கொண்டது, அவற்றை எழுதிய நாளில் கூடவே எழுதிய வாக்குறுதியை மறந்துவிட்டது. வாக்குறுதி வழக்கொழிந்த வீட்டில் சட்டம் மட்டும் மிஞ்சும். சட்டம் மட்டும் மிஞ்சிய இடத்தில் வக்கீல்கள்தான் பேசுவார்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சேகரக் கமிட்டித் தேர்தல் வருவதற்கு முன், அமைப்புச் சட்டத்தில் தேர்தல் விதிகளைப் புரட்டுமுன், ஐக்கியத்தின் அடிப்படை என்ற முதல் பகுதியை ஒருமுறை சபைக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். எதிரணியில் நிற்பவரும் கேட்கும்படி வாசியுங்கள்.

அடுத்த இதழில் நந்தியால்: சேர மறுத்தவர்கள் தரப்பில் இருந்த நியாயம் என்ன, அவர்களைச் சபை எப்படி நடத்தியது என்று பார்ப்போம்.

(தொடரும்)